புலிவரி மேப்பிளில் ஒரு முதல் துப்பாக்கி

கேள்வி சுருக்கமாக இது: "ஒஹாயோவில், கொலம்பஸ் பக்கம் இருக்கிறேன். இரண்டு வருடமாக மரவேலை பொழுதுபோக்கு. ஸ்டூல், மேசை, ஒரு தொட்டில் வரை செய்துவிட்டேன். குழல்வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கி ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்க ஆசை. கிட் வாங்குவதா, வெறும் மரக்கட்டையிலிருந்து தொடங்குவதா? எந்தப் பாணி? முதல்முறை செய்பவர்கள் எங்கே சொதப்புவார்கள்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எல்லோரும் ஒரே இடத்தில்தான் சொதப்புகிறார்கள்: மரத்தைப் போதுமான அளவு எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். நான் செய்த முதல் துப்பாக்கியை ஒரு பெரியவரிடம் பெருமையாகக் காட்டினேன். கையில் வாங்கி, முன்கட்டையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதற்குள் ஒரு நல்ல துப்பாக்கி இருக்கிறது" என்றார். அவர் பாராட்டுகிறார் என்று நினைத்து ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

வேலைக்குள் போகுமுன் சட்டம். அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், சக்கிமுக்கிக் கல்லால் பற்றும் பழைய துப்பாக்கிகளையும் அவற்றின் நகல்களையும் "பழம்பொருள்" என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கு அங்கே வளர்ந்தது. ஆனால் மாநிலச் சட்டங்கள் வேறு வேறு. உங்கள் மாநிலத்தில் என்ன நிலை என்று விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள். இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரே வரி: வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதே குற்றம். பழைய பாணி, அலங்காரத்துக்கு என்றெல்லாம் சொன்னால் எடுபடாது. மலைக் கிராமங்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வழக்குகளைப் பற்றி நீங்களே செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

குழலையும் சுடும் பொறியையும் விலைக்கு வாங்குங்கள். "எல்லாமே என் கையால்" என்ற ஆசை எனக்கும் இருந்தது. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் பழநகர அருங்காட்சியகத்தில் வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் இரும்புப் பட்டையைக் காய்ச்சி, சுருட்டி, அடித்து ஒட்டிக் குழலாக்குவதில் தொடங்கி ஒரு துப்பாக்கியை முழுவதும் பதினெட்டாம் நூற்றாண்டு முறையில் செய்தார். 1969-ல் அது ஆவணப்படமாகவே வந்தது. அதைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அந்தக் காலத்துப் பென்சில்வேனியா துப்பாக்கி ஆசாரிகளே எல்லாவற்றையும் தாங்களே செய்யவில்லை. பொறியை இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ இறக்குமதியானதாகக் கடையில் வாங்கினார்கள். குழலைப் பெரும்பாலும் ஆற்றோர ஆலைகளில் துளைத்துக் கொடுத்தார்கள். ஆசாரியின் கைவண்ணம் முக்கியமாகக் கட்டையில்தான் தெரிந்தது. ஆகவே வாங்குவது ஏமாற்று வேலை இல்லை, அதுவும் மரபுதான்.

இதில் பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது. குழல் என்பது முகத்துக்கு ஒரு சாண் தள்ளி வெடியைத் தாங்க வேண்டிய பொருள். பிரிட்டனில் ஒவ்வொரு குழலையும் அதிக மருந்து வைத்துச் சோதித்து முத்திரை குத்தும் அரசு அங்கீகாரம் பெற்ற சோதனைச் சாலைகள் உண்டு; பர்மிங்காமில் இருப்பது 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் கிடையாது. செய்தவரின் பெயர்தான் முத்திரை. எனவே பெயர் பெற்றவரிடம், குழலின் பின்வாய் ஏற்கெனவே அடைத்துப் பொருத்தப்பட்டதாக வாங்குங்கள். கடையில் கிடைக்கும் இரும்புக் குழாயை வைத்து எதையும் முயலாதீர்கள். விரலை மட்டும் இழந்தவன் அதிர்ஷ்டசாலி.

பொறியிலும் கஞ்சத்தனம் கூடாது. குதிரை என்று நாம் சொல்லும் கொக்கியின் வாயில் சக்கிமுக்கிக் கல் இருக்கும். விசையை இழுத்ததும் குதிரை முன்னே பாய்ந்து எஃகுத் தகட்டை உரசும், தகடு முன்பக்கமாகச் சாயும், திறந்த கிண்ணியில் தீப்பொறி விழும். கிண்ணியில் இருக்கும் ரஞ்சகம் என்ற பற்றவைக்கும் மருந்து தீப்பிடித்து, பற்றுவாய் என்ற சிறு துளை வழியாகக் குழலுக்குள் நெருப்பு போகும். ரஞ்சகம், பற்றுவாய் இரண்டும் நம் பழைய அகராதிகளில் உள்ள சொற்கள்தான். நம்மூரிலும் இதே சாமான்கள் புழங்கியிருக்கின்றன. இந்த வரிசை முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்க வேண்டும். மலிவான பொறியில் தகடு சரியாகக் கடினப்படாமல் இருக்கும், அல்லது உள்ளே இருக்கும் வில்தகடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கட்டை எவ்வளவு அழகாக வந்தாலும் துப்பாக்கி 'டிக்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். சைலர் வகைப் பொறி பல வருடங்களாகப் பலரும் நம்பிப் பயன்படுத்துவது. அதை வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பாணி பற்றி. 1700-களின் தொடக்கத்தில் ஜெர்மன் பேசும் நாடுகளிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்தவர்கள் யேகர் என்ற வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார்கள். குட்டையானது, கனமானது, வாய் அகலமானது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் அதே துப்பாக்கி 42 அங்குலத்துக்கும் நீளமான குழலும் மெல்லிய உடலும் சிறிய துளையுமாக மாறிவிட்டது. காட்டுக்குள் மாதக்கணக்கில் அலைபவனுக்கு ஈயம் மிச்சம் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். கணக்குப் போட்டால் நியாயமாகத்தான் படுகிறது: ஒரு பவுண்டு ஈயத்தில் 0.60 அங்குலக் குண்டு இருபத்தொன்றுதான் வரும், 0.45 அங்குலக் குண்டு ஐம்பது வரும். கென்டக்கி துப்பாக்கி என்று பெயர் வாங்கியதும் இதுதான். பிறந்த ஊர் பென்சில்வேனியா, பெயர் வாங்கியது கென்டக்கி காடுகளுக்குப் போன வேட்டைக்காரர்களால்.

பென்சில்வேனியாவுக்குள்ளேயே லங்காஸ்டர், லீஹை, ரெடிங், பக்ஸ் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சாயல் உண்டு. நம் ஊரில் தேர்ச் சிற்பத்தைப் பார்த்து எந்தப் பக்கத்து ஸ்தபதி என்று சொல்லிவிடுவார்களே, அதுமாதிரி. லீஹைக்காரர்கள் பின்கட்டையின் மேல்விளிம்பை மூக்கு மாதிரி வளைத்து விடுவார்கள். பார்க்கக் கொள்ளை அழகு, முதல் தடவையில் கோடு பிசகினால் கொழுக்கட்டை. லங்காஸ்டர் பாணியில் பின்கட்டையின் மேல்கோடும் கீழ்க்கோடும் ஏறக்குறைய நேர்கோடுகள். அளவுகோலை வைத்துச் சரிபார்க்கலாம். முதல் துப்பாக்கிக்கு அதுவே போதும் என்பது என் தீர்மானமான கருத்து.

இதில் ஒரு கிளைக்கதை. பென்சில்வேனியாவின் நாசரேத் அருகே கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் என்ற இடத்தில் மொராவியன் என்ற கிறிஸ்தவச் சபையார் ஒரு துப்பாக்கிப் பட்டறை நடத்தினார்கள். ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட், கிறிஸ்டியன் ஓர்ட்டர் போன்ற பெரிய கைகள் வேலை செய்த இடம். அதே சபையார் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, பக்கத்தில் ஒரு தோட்டம் போட்டு, பட்டறைத் தொழில்களோடு நாற்பது வருடம் போல இருந்தார்கள். பென்சில்வேனியாவில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறையாறு ஞாபகம் வரும்.

நாசரேத்தில் ஜேக்கப்ஸ்பர்க் வரலாற்றுச் சங்கத்தின் நீளத்துப்பாக்கி அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து நீண்ட பயணம்தான், இருந்தாலும் உளியை எடுக்குமுன் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். படத்தில் பார்த்தால் பருமன் தெரியாது. பழைய துப்பாக்கியில் குழலின் இரு பக்கமும் ஏறும் மரம் எவ்வளவு மெல்லியது என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். மேல்விளிம்பில் ஒரு எட்டில் ஒரு பங்கு அங்குலம்கூட இருக்காது. அந்தக் காட்சி கண்ணில் பதியாமல் செதுக்கினால் என்னைப்போல் கொழுத்த துப்பாக்கிதான் வரும்.

இப்போது கிட்டா, கட்டையா? மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, கணினி எந்திரத்தில் கிட்டத்தட்ட முழுதாகக் கடைந்த கட்டை. எல்லாப் பொருத்துக்குழிகளும் வெட்டியிருக்கும், தேய்த்து மெருகேற்றினால் போதும். இதில் இன்று பேர் வாங்கியவர் ஜிம் கிப்ளர், உங்கள் ஒஹாயோக்காரரேதான். இரண்டு, குழல் பள்ளமும் இடிகோல் துளையும் மட்டும் போட்டு, வெளிவடிவம் முரட்டுத்தனமாக வெட்டிய கட்டை. மூன்று, வெறும் பலகை. தொட்டில் செய்தவருக்கு முதல் வழி சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் வடிவம் எப்படிப் பிறக்கிறது என்பது கைக்கு வராது. மூன்றாவதில் இடிகோல் துளை என்ற பூதம் காத்திருக்கிறது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

அந்தப் பூதம் என்னவென்றால், குழலுக்கு அடியில் மருந்தையும் குண்டையும் இடித்து இறக்கும் கோல் ஒளிந்துகொள்ளும் துளை. பெரும்பாகம் திறந்த பள்ளம்தான். கடைசி ஒன்றேகால் அடி மட்டும் மரத்துக்குள் நீளத் தமரால் துளைக்க வேண்டும். அகலம் முக்கால் அங்குலத்தில் பாதி. குழலுக்கும் இந்தத் துளைக்கும் நடுவில் எட்டில் ஒரு பங்கு அங்குல மரம்தான் இருக்க வேண்டும். தமர் மேலே ஏறினால் குழல் பள்ளத்தில் எட்டிப் பார்க்கும். கீழே இறங்கினால் முன்கட்டை முழுவதையும் தடியாக விட வேண்டிவரும், இல்லை பொறியின் பெரிய வில்தகடு உட்காரும் குழிக்குள் போய் நிற்கும். இதைச் செய்து கொடுக்க ஆள் இருக்கும்போது முதல் முயற்சியில் நீங்கள் பரிசோதிக்க வேண்டாம்.

மரம் மேப்பிள். புலிவரி விழுந்த சுருள்மேப்பிள் கிடைத்தால் நல்லது, ஆனால் வரியைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது கழுத்துப் பகுதி. கட்டையின் மிக மெல்லிய இடமும் அதிர்வு அதிகம் வாங்கும் இடமும் அதுதான். அங்கே ரேகை கழுத்தோடு சேர்ந்து நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வெளியேறினால் என்றாவது ஒருநாள் முறியும். மண்வெட்டிக் காம்புக்குக் கட்டை பார்க்கும் விவசாயி பார்க்கும் அதே பார்வை. புலிவரிக்கு இன்னொரு குணமும் உண்டு: இழைப்புளி போட்டால் சில்லுச் சில்லாகப் பெயரும். அரமும், கூர் தீட்டிய சுரண்டித் தகடும்தான் அதற்கு ஒத்துவரும்.

இனி பொருத்தும் வேலை. இதற்குத்தான் பாதி நாட்கள் போகும், நான் மிகவும் ரசிப்பதும் இதைத்தான். இரும்பின் மேல் கரியைத் தடவி, குழியில் வைத்து அழுத்தி, எடுத்துப் பார்த்தால் மரத்தில் கறுப்பு ஒட்டிய இடங்கள் தெரியும். அந்தப் புள்ளிகளை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி அழுத்தல். ஒரு பொறித்தகட்டுக்கு நூறு தடவை என்பது சாதாரணம். கரிக்குக் கடையில் பசை விற்கிறார்கள். நான் ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து, கண்மை கூட்டுவது போலக் கூட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்து வைத்துக்கொள்கிறேன். பாட்டி பார்த்திருந்தால் யார் குழந்தைக்கு என்று கேட்டிருப்பாள்.

வரிசை முக்கியம். குழல் முதலில், அதன் வால்பகுதி அடுத்தது. குழல் அசையாமல் உட்கார்ந்த பிறகுதான் பொறி. ஏனென்றால் கிண்ணிக்கு நேரே பற்றுவாய் வர வேண்டும், பொறி எங்கே உட்கார்கிறது என்பதே அந்த இடத்தை முடிவுசெய்கிறது. பிறகு விசை, அப்புறம் பின்தகடு, கடைசியில் விசைக்காப்பு. முன்னால் போட்ட தப்பைப் பின்னால் வருவது சுமக்கும். பற்றுவாய்த் துளையைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள்: அதை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது போடுங்கள், அல்லது அவரிடமே கொடுத்துவிடுங்கள். மரத்தில் விட்ட தப்பை ஒட்டுப்போட்டு மறைக்கலாம், குழலில் முடியாது.

குழலைக் கட்டையோடு பிடித்துவைப்பது குறுக்கே போகும் மெல்லிய ஆணிகள். குழலின் அடியில் உள்ள காதுகள் வழியாக அவை போகும். அந்தக் காதுத் துளையை வட்டமாக விடாமல் நீளவாக்கில் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். ஒஹாயோவில் ஜூலைக்கும் ஜனவரிக்கும் ஈரப்பதம் எவ்வளவு மாறுகிறது என்று உங்களுக்குத் தெரியும். மரம் அசையும், இரும்பு அசையாது. இடம் விடாவிட்டால் ஆணியைச் சுற்றி மரம் பிளக்கும், அல்லது குழல் லேசாக வளைந்து குறி மாறும்.

எல்லாம் பொருந்திய பிறகு வெளிவடிவம். சொதப்பல் நடக்கும் கட்டம் இதுதான். இத்தனை மாதம் உழைத்த கட்டையில் அரத்தை வைக்கக் கை நடுங்கும். "போதும், இப்படியே அழகாகத்தான் இருக்கிறது" என்று மனம் கெஞ்சும். போதாது. நான் இரண்டாவது துப்பாக்கியில் கண்டுபிடித்த வழி: கண்ணை நம்பாமல் கோட்டை நம்புவது. பொறித்தகட்டைச் சுற்றி எட்டில் ஒரு பங்கு அங்குலம் விட்டுப் பென்சில் கோடு. குழலின் பக்கங்களில் மேல்விளிம்பிலிருந்து ஒரு கோடு. கழுத்துக்கு மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் மையக்கோடு. கோடு வரும்வரை நிறுத்தக்கூடாது. முதலில் தட்டையான பட்டைகளாக எடுங்கள், எண்கோணமாக. பட்டைகள் நேராக இருந்தால் கடைசியில் உருட்டுவது ஒரு மாலை வேலை. ஆரம்பத்திலேயே உருட்டத் தொடங்கினால் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது.

நிறம் ஏற்றுவது நாடகம்தான். மரத்தை நனைத்து, எழும் நாரைச் சுரண்டி, இரண்டு மூன்று முறை செய்த பிறகு, இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலத்தைத் தடவுகிறோம். தயாராகவே விற்கிறார்கள், வீட்டில் கரைக்க வேண்டாம். தடவியதும் மரம் நோய்பிடித்த மாதிரி பச்சை மஞ்சளாகத் தெரியும், பயப்படாதீர்கள். சூடான காற்றை ஊதும் கருவியைக் காட்டினால் சில விநாடியில் செங்கபிலமாக மாறி, வரிகள் புலி எழுந்து நிற்பதுபோல் வெளியே வரும். இதை வீட்டுக்கு வெளியே, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். மிஞ்சிய அமிலத்தைச் சோடா கரைத்த நீரால் அடக்கிவிட்டு, காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெய். மெல்லிய பூச்சாகப் பல நாட்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் வார்னிஷ் போட்டால் எல்லாம் வீண்.

பித்தளைச் சாமான்கள் முரட்டு வார்ப்பாக வரும். அரம், உப்புத்தாள், பொறுமை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கட்டையில் பூவேலை செதுக்கலாமா என்றால், முதல் துப்பாக்கியில் வேண்டாம். வடிவம் சரியில்லாத கட்டையில் செதுக்கிய கொடியும் பூவும், எல்லோர் கண்ணையும் அந்த வடிவத்துக்கே இழுக்கும்.

நாள் கணக்கு: வார இறுதிகளில் மட்டும் உட்கார்ந்த எனக்கு முதலாவது பதினாலு மாதம் பிடித்தது. உளிகள், இரண்டு மூன்று அரம், சுரண்டித் தகடு, நல்ல பிடிமேசை இவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். புதிதாகப் பெரிய எந்திரம் எதுவும் தேவையில்லை.

சுடும் நாளில் தனியாகப் போகாதீர்கள். 1933-ல் தொடங்கிய தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கத்தின் தலைமையிடம் இண்டியானாவின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூர், உங்களுக்கு எட்டும் தூரம்தான். அங்கோ உங்கள் பக்கத்துச் சங்கத்திலோ பழைய கை ஒருவர் துப்பாக்கியை முழுவதும் பார்த்துச் சரி என்ற பிறகுதான் முதல் மருந்து. முதல் சில சூடுகளைத் தோளில் வைத்துச் சுட வேண்டாம். துப்பாக்கியைக் கட்டிவைத்து, தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுப்பதே வழக்கம். கறுப்பு மருந்து மட்டும்தான். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லாத மருந்து ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக்கூடாது. அதன் அழுத்தத்தில் குழல் பிளந்துவிடும். குண்டு மருந்தின் மேல் நன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் அதுவும் குழலுக்கு ஆபத்து. அதற்காகத்தான் சரியாகக் கெட்டித்ததும் இடிகோலில் குழல்வாய் வரும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். அடுத்த முறை கோடு மேலே நின்றால் குண்டு இறங்கவில்லை என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் பசி, அசதி, எல்லோரிடமும் படம் காட்டும் ஆசை எல்லாம் இருக்கும். முதலில் வெந்நீரும் சோப்பும் எடுத்துக் குழலைக் கழுவுங்கள். கறுப்பு மருந்தின் கசடு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவேற்றிவிடும். கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட்டு, மறுநாள் காலையில் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுப் பாருங்கள். துணி செம்மண் நிறத்தில் வந்தால் மறுபடி கழுவ வேண்டும்.